டைம்லைனில் பச்சைக் கட்டங்கள்: டிரைவரை மாற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான்: கிராபிக்ஸ் டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளை) அப்டேட் செய்ததிலிருந்து பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டையை) ஓட்டினால் படத்தில் பச்சைக் கட்டங்கள் வந்து போகின்றன, சில நேரம் பிரிவியூ கறுப்பாகி, சத்தம் மட்டும் ஓடுகிறது, அதே கிளிப் விஎல்சி பிளேயரில் ஒழுங்காக ஓடுகிறது. டிரைவரை மூன்று முறை மாற்றியாயிற்று, இனி விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட ஒரு நாள் போகும், பிளகின்களை எல்லாம் திரும்ப ஏற்ற இன்னொரு நாள் போகும், கடைசியில் அதே டிரைவரைப் போட்டதும் அதே பச்சை வந்து நிற்கும். எந்த இடத்தில் படம் உடைகிறது என்று தெரியாமல் மூன்று முறை மாற்றியிருக்கிறீர்கள். நான்காவது முறை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கில் செய்ததாகத்தான் இருக்கும். டிரைவர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது உள்ளே ஒரே வேலையைச் செய்வதில்லை.

ஒரு ஃபிரேம் ஃபைலிலிருந்து கிளம்பி உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் மூன்று இடங்களைத் தாண்டுகிறது. முதலாவது டிகோட். ஹெச்.264, ஹெச்இவிசி என்று சுருக்கி வைத்த ஃபைலைப் பிரித்து முழுப் படமாக்குவது. இதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. இன்டெலில் குவிக் சிங்க், என்விடியாவில் என்விடெக். இரண்டாவது கணக்கு. கலர் கரெக்‌ஷன், ஸ்கேலிங், பிளர் எல்லாம் கார்டின் பொதுவான கோர்களில், கார்டைக் கணக்குப் போடவைக்கும் கியூடா அல்லது ஓப்பன்சிஎல் வழியாக நடக்கும். மூன்றாவது காட்டுவது. ரெடியான படத்தை விண்டோஸ் மற்ற ஜன்னல்களோடு சேர்த்து மானிட்டருக்கு அனுப்புவது. மூன்றுக்கும் டிரைவரில் தனித்தனிப் பாதை. ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். நல்ல விஷயம் என்னவென்றால், எடிட்டிங் மென்பொருளில் முதல் இரண்டையும் தனித்தனியாக அணைத்துப் பார்க்க ஸ்விட்ச் இருக்கிறது.

அந்தப் பச்சையே ஒரு துப்பு. சாதாரண வீடியோ ஃபைல் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்திருப்பதில்லை; வெளிச்சத்துக்கு ஒரு எண், நிறத்துக்கு இரண்டு எண்கள். 8 பிட் ஃபைலில் நிறமே இல்லை என்பதைக் குறிக்க அந்த இரண்டு எண்களும் 128 ஆக இருக்கும். டிகோடர் ஒரு கட்டத்தை நிரப்பாமலே விட்டுவிட்டால் நினைவகத்தில் அந்த இடத்தில் மூன்றும் 0 ஆகக் கிடக்கும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) ஆக்கும் 601 என்ற தரநிலையின் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: சிவப்பும் நீலமும் பூஜ்யத்துக்குக் கீழே போய் 0 ஆகின்றன, பச்சை மட்டும் 135 பக்கம் வந்து நிற்கிறது. ஆக, அந்தப் பச்சை என்பது காலி இடத்தின் நிறம். படம் வரவேண்டிய இடத்தில் படம் வரவில்லை என்று அர்த்தம். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிகோட் பாதையைத்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பெரும்பாலான கேமரா, மொபைல் ஃபைல்களில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழு ஃபிரேம், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மாற்றங்கள் மட்டும், பிறகு மறுபடி ஒரு முழு ஃபிரேம். டிகோடர் நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த உடைசல் நகரும் உருவங்களோடு சேர்ந்து இழுபட்டுக்கொண்டே போகும். அடுத்த முழு ஃபிரேம் வந்ததும் பட்டென்று சுத்தமாகிவிடும். இப்படி இழுபட்டுத் தெளிந்தால் அது டிகோட். எஃபெக்ட் கணக்கில் தவறு என்றால் இந்த இழுபறி இருக்காது: கிளிப் முழுவதும் கறுப்பாகும், அல்லது எஃபெக்ட் போட்ட பகுதி மட்டும் கெடும், எஃபெக்ட்டை அணைத்தால் போய்விடும்.

விஎல்சியில் ஒழுங்காக ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். பிளேயர் ஒரு ஃபைலை முன்னோக்கி மட்டும் ஓட்டும். எடிட்டிங் மென்பொருள் நீங்கள் இழுக்கிற இடத்துக்கெல்லாம் தாவ வேண்டும், நான்கு டிராக் அடுக்கியிருந்தால் நான்கையும் ஒரே சமயத்தில் பிரிக்க வேண்டும். தவிர, விஎல்சி கார்டைப் பயன்படுத்துகிறதா, பிராசஸரிலேயே பிரிக்கிறதா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. பிரிஃபரன்சஸில் இன்புட், கோடெக்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டிகோடிங்கை ஒருமுறை ஆன், ஒருமுறை ஆஃப் செய்து ஓட்டிப் பாருங்கள். ஆன் செய்தால் மட்டும் உடைந்தால், எடிட்டிங் மென்பொருளின் மேல் பழி இல்லை.

இனி மென்பொருளுக்குள். எதையும் மாற்றுவதற்கு முன் டைம்லைனில் ஏற்கெனவே ரெண்டர் ஆன, அதாவது மென்பொருள் முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்த, பிரிவியூ ஃபைல்களை அழியுங்கள். பிரீமியரில் சீக்வென்ஸ் மெனுவில் டிலீட் ரெண்டர் ஃபைல்ஸ். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் பிளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேஷ். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டிரைவர் கெட்டிருந்த நேரத்தில் ரெண்டர் ஆன பிரிவியூவில் அந்தப் பச்சை அப்படியே பதிந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் நீங்கள் எத்தனை நல்ல டிரைவர் போட்டாலும் மென்பொருள் அந்தப் பழைய பிரிவியூ ஃபைலைத்தான் ஓட்டிக் காட்டும். மூன்று டிரைவருக்கும் ஒரே விளைவு வந்தது என்றீர்களே, அதற்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது யூஸ் பிரிவியூஸ் டிக் ஆகியிருந்தால் அந்தப் பச்சை இறுதி ஃபைலுக்கும் போய்ச் சேரும்.

அழித்தாயிற்றா? சரி. பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். திறக்காமல் பார்த்தால் மாற்றம் அமலுக்கு வராது. ரிசால்வில் இது சிஸ்டம் பிரிஃபரன்சஸில் டிகோட் ஆப்ஷன்ஸ் பகுதியில் இருக்கிறது. இப்போது பச்சை போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள். டைம்லைன் திக்கித் திக்கி ஓடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிராசஸர் தனியாகச் சுமக்கிறது, அப்படித்தான் இருக்கும்.

பச்சை போகவில்லை என்றால் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரலில் ரெண்டரரை மெர்க்குரி பிளேபேக் எஞ்சின் சாஃப்ட்வேர் ஒன்லி என்று மாற்றுங்கள். இது கணக்குப் பாதையை அணைக்கும் ஸ்விட்ச். இரண்டையும் ஒரே நேரத்தில் அணைக்காதீர்கள். அணைத்தால் எது காரணம் என்று தெரியாது.

இரண்டாலும் மாறவில்லை என்றால் மூன்றாவது பாதை. இதற்கு ஸ்விட்ச் தேவையில்லை, ஸ்கிரீன்ஷாட் போதும். உடைசல் திரையில் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கணினியிலோ மொபைலிலோ திறந்து பாருங்கள். அதில் படம் சுத்தமாக இருந்தால் கார்டு சரியாகத்தான் வரைந்திருக்கிறது. மானிட்டருக்குப் போகிற வழியில்தான் கெடுகிறது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். இருண்ட காட்சிகளில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன. டிரைவரை இரண்டு முறை பின்னோக்கி மாற்றினேன், ப்ராஜெக்ட்டைப் புதிதாக இம்போர்ட் செய்தேன், கலர் கிரேடிங்கை முழுவதும் அணைத்துப் பார்த்தேன். இரண்டு ராத்திரி போன பிறகுதான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றியது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், அவ்வளவுதான்.

கேபிள் சரி, ஆனாலும் பிரிவியூ ஜன்னல் மட்டும் மினுக்குகிறது என்றால் விண்டோஸின் மல்டிபிளேன் ஓவர்லே என்ற வசதியைப் பாருங்கள். வீடியோ ஜன்னலைத் தனி அடுக்காக நேரே மானிட்டருக்கு அனுப்பிக் கார்டின் வேலையைக் குறைப்பதற்காக வந்தது. வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட் உள்ள இரண்டு மானிட்டர்களோடு சேரும்போது சில அமைப்புகளில் இது மினுக்கலையும் கறுப்புத் திரையையும் கொண்டுவரும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் எளிய சோதனை: இரண்டு மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள், ஹெச்டிஆரையும் ஜி-சிங்க் போன்ற மாறும் ரெஃப்ரெஷ் வசதியையும் அணையுங்கள். மினுக்கல் நின்றால் வழி தெரிந்துவிட்டது.

இனி, ஸ்விட்ச் காட்டிக்கொடுத்த இடத்துக்கு ஏற்ப வேலை.

டிகோட் பாதைதான் என்று தெரிந்தால், எந்தச் சிப் டிகோட் செய்கிறது என்று பார்க்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. இன்டெல் பிராசஸரும் என்விடியா கார்டும் சேர்ந்த கணினியில் டிகோட் வேலை இன்டெல் பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் என்விடியா டிரைவரை மூன்று முறை இல்லை, முப்பது முறை மாற்றினாலும் பச்சை போகாது. மாற்ற வேண்டியது இன்டெல் டிரைவரை. கண்டுபிடிப்பது எளிது. டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறங்கள். ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்கும். எதில் வீடியோ டிகோட் என்ற வரைபடம் ஏறுகிறதோ அதுதான் உழைக்கிறது. பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் டிகோடுக்கு இன்டெலா மற்றதா என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. ஒன்றை அணைத்து மற்றதை விட்டுப் பாருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

சில ஃபைல்களைக் கார்டு டிகோட் செய்யவே செய்யாது. இது டிரைவர் கோளாறே இல்லை, ஆனால் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. 10 பிட் 4:2:2, அதாவது நிற விவரம் கூடுதலாக உள்ள, ஹெச்.264 ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் இதில் எடுக்கின்றன. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் எதிலும் இதற்கு ஹார்டுவேர் டிகோட் இல்லை. அதற்கு முன் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தாலும் அந்த ஃபைல் பிராசஸர் தலையில்தான் விழும். இந்த மாதிரி ஃபைலுக்கு டிரைவர் மாற்றுவது வீண். பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு இலகுவான நகல்) போடுங்கள், அல்லது எடிட்டிங்குக்கான வடிவங்களான புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். இடம் நிறையப் பிடிக்கும். ஆனால் இந்த வகை ஃபைல்களில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் என்பதால் இழுத்த இடத்தில் நிற்கும்.

கணக்குப் பாதை என்றால் பெரும்பாலும் கார்டின் நினைவகம்தான். 4கே ஃபிரேம் ஒன்றை 32 பிட் ஃப்ளோட்டில் (ஒரு எண்ணுக்கு 4 பைட்) வைத்தால் 3840 பெருக்கல் 2160 பிக்சல்கள், ஒரு பிக்சலுக்கு நான்கு எண்களாக 16 பைட். ஏறக்குறைய 133 எம்பி. ஒரே ஒரு ஃபிரேம்! நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னும் பின்னும் சில ஃபிரேம்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் இரண்டு எஃபெக்ட், பின்னணியில் பிரவுசர் வேறு. 4 ஜிபி கார்டு எங்கே தாங்கும்? டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி விளிம்பைத் தொட்டு, ஷேர்டு மெமரி ஏற ஆரம்பித்தால் காரணம் அதுவே. பிரிவியூ கறுப்பாகிச் சத்தம் மட்டும் ஓடுவதாகச் சொன்னீர்கள். அது எஃபெக்ட் நிறைய உள்ள இடங்களில்தானா என்று கவனியுங்கள். ஆமென்றால் நினைவகத்தைப் பாருங்கள்.

கறுப்பாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: கொடுத்த வேலைக்குக் கார்டு 2 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும். டெஸ்க்டாப் ஒரு நொடி கறுப்பாகித் திரும்பும். ஆனால் எடிட்டிங் மென்பொருள் கார்டோடு வைத்திருந்த தொடர்பு அறுந்துபோயிருக்கும். பிரிவியூ கறுப்பாக நிற்கும், அல்லது மென்பொருளே மூடிக்கொள்ளும். இது நடந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று நேரத்தோடு எழுதியிருக்கும். கறுப்பான நேரமும் அந்த நேரமும் ஒத்துப்போனால் சந்தேகமே இல்லை.

இந்த 2 வினாடியை ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற மதிப்பைச் சேர்த்து 8, 10 என்று கூட்டலாம். கனமான ஒரு எஃபெக்ட் உண்மையிலேயே அதிக நேரம் எடுக்கிறது என்றால் இது உதவும். ஆனால் எனக்கு இதை முதல் வைத்தியமாகச் சொல்ல மனமில்லை. கார்டு நிஜமாகவே தொங்குகிறது என்றால் முன்பு 2 வினாடி உறைந்த திரை இப்போது 10 வினாடி உறையும், வேறொன்றும் மாறாது. முதலில் ஓவர்கிளாக் (கார்டின் வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (அதன் மின்னழுத்தத்தைக் குறைப்பது) எதுவும் செய்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். விளையாட்டில் மணிக்கணக்காகத் தாங்குகிற ஓவர்கிளாக், கியூடா கணக்கில் ஐந்தாவது நிமிடமே கவிழலாம். ஸ்கிரீன் ரெக்கார்டர், கேம் ஓவர்லே போன்றவற்றையும் மூடுங்கள்.

இப்போதுதான் டிரைவருக்கு வருகிறேன். எப்போதும் புதியதே நல்லது என்று நினைத்துப் போடாதீர்கள். என்விடியா 2019 முதல் ஒரே கார்டுக்கு இரண்டு விதமாகக் கொடுக்கிறது: கேம் ரெடி, ஸ்டூடியோ. கேம் ரெடி புது விளையாட்டுகள் வெளிவரும் வேகத்துக்கு வரும்; ஸ்டூடியோ எடிட்டிங், அனிமேஷன் மென்பொருள்களில் சோதித்துவிட்டு நிதானமாக வரும். எடிட்டிங்தான் பிழைப்பு என்றால் ஸ்டூடியோ போதும். ஏஎம்டியில் ரெகமண்டட், ஆப்ஷனல் என்று இருந்தால் ரெகமண்டட்டை எடுங்கள். லேப்டாப்பில் இரண்டு கார்டும் கலந்து வேலை செய்வதால், லேப்டாப் நிறுவனமே தன் தளத்தில் தரும் டிரைவர் பழையதாக இருந்தாலும் அதையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் மிகப் பழைய கார்டு, அதாவது ஜிடிஎக்ஸ் 600 வரிசை, 700 வரிசையில் பெரும்பாலானவை என்றால், அவற்றுக்கு 470 வரிசை டிரைவரோடு புது வெளியீடு நின்றுவிட்டது. அங்கே சரிசெய்ய வேண்டியது டிரைவரை அல்ல, எடிட்டிங் மென்பொருளின் பதிப்பைப் பின்னுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

நீங்கள் போட்ட டிரைவர்தான் இப்போது இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் விண்டோஸ் அப்டேட் சொல்லாமல் கொள்ளாமல் தன்னிடம் உள்ளதைப் போட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கத்தில் 32.0.15.6094 என்பது போல ஒரு நீண்ட எண் இருக்கும். என்விடியாவில் கடைசி ஐந்து இலக்கங்களை எடுங்கள்: 5, 6, 0, 9, 4. அதாவது 560.94. நீங்கள் இறக்கியது வேறு எண் என்றால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதே பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் பொத்தான் உயிரோடு இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். அப்டேட்டுக்கு முன் நன்றாக ஓடியது என்கிறீர்கள், பழைய இடத்துக்கே திரும்புவதுதான் சுருக்கமான வழி.

ரோல் பேக் மங்கலாக இருந்தால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். வேண்டிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிடியு என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் இறக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீயைக் குறித்து வையுங்கள். குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குப் போகும்போது கேட்டாலும் கேட்கும், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், நீங்கள் துடைத்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நிமிடத்திலேயே விண்டோஸ் அப்டேட் பழைய டிரைவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். சேஃப் மோடில் டிடியுவை ஓட்டி, சாதாரணமாகத் திறந்து, புதிய டிரைவரைப் போட்டு, பிறகு நெட்டை இணையுங்கள். சரியாக ஓடுகிற பதிப்பு கிடைத்ததும் அந்த இன்ஸ்டாலர் ஃபைலை அழிக்காமல் ஓரமாக வையுங்கள். நான் ஒவ்வொரு பெரிய ப்ராஜெக்ட்டையும் ஒரே டிரைவரில்தான் ஆரம்பித்து முடிப்பேன். நடுவில் வரும் அப்டேட் அறிவிப்பைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது வழக்கம்.

மேக்கில் இந்தக் கதை இல்லை, டிரைவர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. மேக்ஓஎஸ் பதிப்பும் மென்பொருள் பதிப்பும் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு சரி. படம் சுத்தமாக இருந்து சத்தம் மட்டும் போகப்போக விலகுகிறது என்றால் அதுவும் டிரைவர் இல்லை. மொபைலில் எடுத்த ஃபைலில் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லாததால் வருவது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் வைத்து மாற்றினால் சரியாகும். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே ஃபிரேமில், அதே இடத்தில், ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்தாலும் கட்டம் வருகிறதென்றால், ரெண்டர் ஃபைல்களையும் அழித்துவிட்ட நிலையில், அந்த ஃபைலே கெட்டிருக்கிறது. மெமரி கார்டிலிருந்து மறுபடி காப்பி செய்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் கணினியை அணைத்துவிட்டு ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் திரைக்குள் நுழைந்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அங்கே நீங்கள் போட்ட எந்த டிரைவரும் இன்னும் ஏறியிருக்காது. அந்தத் திரையிலேயே கோடுகளோ புள்ளிகளோ தெரிந்து, கேபிளையும் மானிட்டரையும் மாற்றிய பிறகும் போகவில்லை என்றால், டிரைவர்களை விட்டுவிட்டு கார்டின் வாரண்டி தேதியைத் தேடுங்கள்.